நாற்பதாம் நாளில் சொன்ன வாழ்த்து

"அடுத்தவங்க வாங்க!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள் நிகோரா... முதலில் தெரிந்தவை அந்தக் கண்கள்தான். சாம்பல் நிறம். உறைவதற்கு முந்தைய நாள் வோல்கா நதி இருக்குமே, அந்த நிறம். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, ஓரங்கள் சிவந்திருந்தன. இமையில் ஒட்டியிருந்த பனி கடையின் சூட்டில் உருகிக் கன்னத்தில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஐயோ, என்ன கண்கள் இவை... என்று ஒரு நொடி நினைத்தவள், சட்டென்று தராசைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மீன் வெச்ச பிரோக் ரொட்டி மூணு. முட்டைக்கோஸ் வெச்சது நாலு. மிட்டாய் ஒரு கிலோ."

"இவ்வளவா? வீட்ல விசேஷமா?"

"ஆளுங்க வர்றாங்க." அவன் கண்ணாடிக்குள் இருந்த ரொட்டிகளைப் பார்த்தபடியே சொன்னான். "இன்னிக்கு நாற்பது."

நாற்பது! அந்த எண் அவளுக்கு நன்றாகத் தெரியும். எண்களைத்தான் அவள் முதலில் கற்றிருந்தாள்.

இந்த ரஷ்ய நகரத்துக்கு, யாரஸ்லாவ்லுக்கு, வந்து எட்டு மாதம். இந்த ரொட்டிக்கடையின் கல்லாவுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்து ஒன்பது நாள். தஜிக் நாட்டில், இஸ்ஃபாராவில், அவளுடைய பள்ளிக்கூடத்தில், ரஷ்ய மொழிக்குப் புத்தகம் இருந்தது, வாத்தியார் இல்லை. அவளுடைய தஜிக் மொழிக்கும் ஏறக்குறைய அதே எழுத்துகள்தான், எதையும் வாசித்துவிடுவாள். ஆனால் வாசித்தது என்னவென்று தெரியாது. அதனால்தான் மேலங்கிப் பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் வரிசையாக வாழ்த்துகள். கூட வேலை பார்க்கும் ரிம்மா பாவ்லோவ்னா ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தவை. டிசம்பரில் எல்லோருக்கும் 'ஸ் நஸ்துப்பாயுஷிம்', அதாவது வரப்போகும் புத்தாண்டுக்கு வாழ்த்து. பிறந்தநாள்காரர்களுக்கு 'பஸ்த்ராவ்லியாயு', வாழ்த்துகிறேன். அதோடு அவரைப் பெற்ற அம்மாவுக்கும் ஒரு வாழ்த்து சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை.

பஸ்த்ராவ்லியாயு... அந்த நீளமான சொல்லைப் பல் தேய்க்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகி, இன்னும் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள்.

இதோ, வேளை வந்துவிட்டது!

"நாற்பதா? பாத்தா தெரியவே இல்லையே!" நிகோராவின் முகம் மலர்ந்தது. "பஸ்த்ராவ்லியாயு! நூறு வருஷம் நல்லா இருங்க. உங்க அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்க... இப்படி ஒரு மகனைப் பெத்ததுக்கு!"

சொன்னதோடு நிற்கவில்லை. கேக்குகளுக்காக வைத்திருந்த எண் மெழுகுவத்திகளில் ஒரு நாலையும் ஒரு சைபரையும் எடுத்து, பிரோக் பெட்டியின் மேல் வைத்தாள்.

"இது கடையோட பரிசு!"

வரிசையில் பேச்சு நின்றது. அவனுக்குப் பின்னால் நரித்தோல் தொப்பி போட்டிருந்த ஒரு பெண்மணி மெல்லச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அவன் மெழுகுவத்திகளையே பார்த்தான். நாலு... சைபர்...

"நாற்பது எனக்கில்ல," என்றான், குரல் எழும்பாமல். "அம்மாவுக்கு. அவங்க செத்து நாற்பது நாள்."

மெழுகுவத்திகளை எடுத்து ஒவ்வொன்றாகத் தராசின் மேல் வைத்தான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டான். கதவருகே போய், யாரிடம் என்றில்லாமல் கேட்டான்.

"பேசத் தெரியாதவங்கள எதுக்கு இங்க கொண்டுவந்து நிறுத்தறாங்க?"

கதவு மூடியது. தராசு அந்த இரண்டு மெழுகுவத்திகளின் எடையைக் காட்டிக்கொண்டிருந்தது.

*

"நான் அவருக்கு... சிரிச்சேன், ரிம்மா பாவ்லோவ்னா. பல்லக் காட்டிச் சிரிச்சேன்."

"உனக்கு எப்படித் தெரியும் கண்ணு? தப்பு எம்மேலதான். இங்க ஆம்பளைங்க நாற்பதாவது பிறந்தநாளே கொண்டாட மாட்டாங்க, அந்த எண்ணுன்னாலே சாவு ஞாபகம். அத நான் சொல்லித் தரல. கல்யாணத்துக்கு, ஞானஸ்நானத்துக்கு எல்லாம் சொல்லித் தந்தேன்... சாவுக்குச் சொல்லித் தர மறந்துட்டேன்."

நிகோராவின் காது மடல்கள் நெருப்பாய்ச் சுட்டன. நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது. உங்க அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்க... எந்த அம்மாவுக்கு? எங்கே போய்ச் சொல்வான்?

மறுநாள் காலை முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினாள்.

"புகார் வந்திருக்கு. யாரு, என்னனு கேக்காத. கொஞ்ச நாளைக்கு நீ உள்ள இரு. தட்டு கழுவு."

நரித்தோல் தொப்பிக்காரிதான், வேறு யார்... என்று நினைத்துக்கொண்டாள். தட்டுகளும் வெந்நீரும் இருந்த பின்னறையில் யாரும் வாழ்த்து எதிர்பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று. நோட்டை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டாள். பேசினால்தானே தப்பு வரும்? நான்கு நாட்கள், 'ஆமா', 'இல்ல' தவிர எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் ரிம்மாவிடம் கேட்டு மனப்பாடம் செய்தாள். துக்கத்துக்குச் சொல்லும் சொற்கள். யாரிடம் சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே...

ஐந்தாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் வீடு திரும்பும் டிராலிபஸ், மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் வண்டி, பாலத்துக்குச் சற்று முன்னால் தடாலென்று நின்றது. விளக்குகள் அணைந்தன.

"கம்பி விட்டுப்போச்சு," என்று யாரோ சலித்துக்கொண்டார்கள். டிரைவர் இறங்கி வண்டியின் பின்பக்கம் போனான். நிகோரா கடைசி ஜன்னலில் இருந்தாள். ஆரஞ்சுச் சட்டை, தடித்த கையுறை, கூரைக் கோல்களின் இரண்டு கயிறுகளையும் இழுத்து, பனி கொட்டும் வானத்தை நோக்கித் தலையைத் தூக்கிக் கம்பியைத் தேடும்...

அந்தக் கண்கள்.

ஓடிவிடு என்றது மனம். கால்கள் என்னவோ இறங்கி அவன் பக்கமாகத்தான் நடந்தன. முழங்கால் வரை பனி.

"நான்..."  மனப்பாடம் செய்த அத்தனை சொற்களும் போன இடம் தெரியவில்லை. அவன் திரும்பினான். அடையாளம் தெரிந்துகொண்டான். நிகோராவுக்கு ஒரே ஒரு மொழிதான் மிச்சம் இருந்தது. தன் மொழியிலேயே சொன்னாள், நெஞ்சில் கை வைத்து, தலையைக் குனிந்து.

"என்ன சொல்றீங்க?"

"எங்க ஊர்ல... யாராவது போயிட்டா... இப்படிச் சொல்வோம். அவங்க இடம் சொர்க்கமா இருக்கட்டும்னு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். எனக்குப் புரியல. மன்னிச்சிடுங்க."

அவன் கையிலிருந்த கயிறு நழுவியது. மேலே பிடிபட்ட கம்பி மறுபடியும் விட்டுப்போய்ப் பொறி பறந்தது. உள்ளே பயணிகள் கத்தினார்கள்.

"கடையில... இன்னும் இருக்கீங்களா?"

"இருக்கேன். உள்ள. தட்டு கழுவறேன்."

அவன் முகம் சிவந்தது. குளிரினால் என்றுதான் அவள் நினைத்தாள். என்னமோ சொல்ல வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான்.

"ஏறிக்கோங்க. முன்னாடி வந்து உக்காருங்க, அங்கதான் சூடு இருக்கு."

*

அவன் பெயர் அர்சேனி. வயது முப்பத்தொன்று. வண்டி கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் நிற்கும். அவள் வீடும் அங்கேதான். அந்தப் பத்து நிமிடம் மெல்ல மெல்லப் பாடநேரம் ஆனது. எப்படி ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாழ்த்துகளை நோட்டில் எழுதிப் படித்த கதையைச் சொன்னாள், 'நோட்டு எங்க?' என்று அவன் கேட்டான், 'இனிமே வேணாம்' என்றாள் அவள், 'ஒரு தடவ வழுக்கினா நடக்கறத விட்டுடுவீங்களா?' என்றான் அவன். அவ்வளவுதான்.

"ஸ் நஸ்துப்பாயுஷிம். ஒரே மூச்சில சொல்லணும்."

"நஸ்... துப்பா... இந்த வார்த்தைக்கு நடுவுல எங்கயாவது கொஞ்சம் உக்காந்துட்டுப் போகலாமா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்ததும் அவன் முகத்தில் பத்து வயது குறைந்தது... பார்க்காதே நிகோரா, பார்க்காதே!

"பன்னெண்டு மணி அடிக்கிற வரைக்கும்தான் இது. அடிச்சதும் 'ஸ் நோவிம் கோதம்'. முன்னாடியே சொன்னா ஆகாது. ஜனவரி ஏழாம் தேதி எங்க கிறிஸ்துமஸ். பதிமூணாம் தேதி ராத்திரி பழைய புத்தாண்டு."

"புத்தாண்டு எப்படிங்க பழசாகும்?"

"பழைய காலண்டர் ஒண்ணு இருந்தது. அதையும் விட மனசில்ல."

"எங்களுக்கு மார்ச்ல இன்னொண்ணு இருக்கு. நவ்ரூஸ்."

"அப்போ உங்களுக்கு வருஷத்துக்கு மூணு வயசு கூடும். சீக்கிரம் கிழவி ஆயிடுவீங்க."

"கிழவிக்கு வண்டியில டிக்கெட் கிடையாதில்ல? லாபம்தான்!"

புத்தாண்டு வந்தது, போனது. முன்பெல்லாம் விசேஷ நாட்களில் வண்டியின் மைக்கில் பயணிகளுக்கு வாழ்த்து சொல்வது அவன் வழக்கமாம், முதல் பனி விழுந்தால் அதற்குக்கூடச் சொல்வானாம். ஏறும் கிழவர்கள் அவளிடம் சொன்னார்கள்.

"இப்போ ஏன் சொல்றதில்ல?" என்று கேட்டாள்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெடித்திருந்த அவள் விரல்களைப் பார்க்கும்போதும் இப்படித்தான் திரும்பிக்கொள்வான். அம்மா நினைப்பு, பாவம்... என்று அவள் விட்டுவிட்டாள்.

ஜனவரி எட்டாம் தேதி காலை. பின்னறையில் குழாயை மூடியபோது, மெல்லிய பலகைச் சுவருக்கு அப்பால் முதலாளியம்மாவின் அறையில் அந்தக் குரல் கேட்டது. எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு இப்போது அடையாளம் தெரியும் குரல்.

"...போன் பண்ணிப் புகார் சொன்னது நான்தான். அத நான் திரும்ப வாங்கிக்கறேன். எழுதித் தரச் சொன்னாலும் தர்றேன். அவங்க மேல தப்பில்ல. மறுபடி முன்னாடி நிறுத்துங்க."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். வெந்நீர் ஆவியில் முகம் வியர்த்தது. அவனா? நரித்தோல் தொப்பி இல்லையா?

பின்வாசல் வழியாக அவன் போகும்போது மறித்து நின்றாள். ஈரமான மேலங்கி குளிரில் விறைத்தது.

"பதினோரு நாள்," என்றாள். "தினம் பத்து நிமிஷம். ஒரு நாள்கூட வாய் வரலையா?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "வந்தது. தினமும் வந்தது. உங்க கையப் பாப்பேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு..."

"ஓ... அப்போ பாடம் சொல்லித் தந்ததெல்லாம் பரிகாரமா?"

"இல்ல, நிகோரா."

"பரிதாபம்."  அவன் சொன்ன ஒவ்வொரு வேடிக்கைக்கும் தான் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று தலைமுக்காட்டை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. ச்சீ... "பரிதாபத்துக்கு உங்க மொழியில என்ன வார்த்தை? அதையும் சொல்லிக் குடுத்துட்டுப் போங்க. நோட்டுல எழுதிக்கறேன்."

அவன் தொப்பியைக் கையில் பிடித்தபடியே, வெறும் தலையில் பனி விழ, போய்விட்டான்.

மறுநாளே அவளை மறுபடியும் கல்லாவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவன் கடைக்கு வரவில்லை. அவள் அவன் வண்டியில் ஏறவில்லை.

*

ஜனவரி கழிந்தது. பிப்ரவரியும் கழிந்தது. மார்ச் தொடக்கத்தில், ஒரு வாரம் முழுக்கக் கடையில் தோசைபோல் மெல்லிய ப்ளினி சுட்டு மாளவில்லை. விரதகாலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட வேண்டுமே! வெண்ணெய் மணத்தில் மேலங்கி, முடி, கனவு எல்லாம் மணத்தன.

அந்த வாரத்தின் கடைசி நாள் ஞாயிறு. காலையில் வந்ததும் ரிம்மா பாவ்லோவ்னா அவள் எதிரில் வந்து நின்று, இடுப்பு வரை குனிந்தாள்.

"நிகோரா, என்னை மன்னிச்சிடு."

"ஐயோ! என்ன பண்ணீங்க?"

"ஏதாவது பண்ணாமயா இருந்திருப்பேன்? உன் டீத்தூள எடுத்து ரெண்டு தடவ டீ போட்டேன். இன்னிக்கு மன்னிப்பு ஞாயிறு. எல்லாரும் எல்லார்கிட்டயும் கேக்கணும். தெரிஞ்சவங்க, தெரியாதவங்க, சண்டை போட்டவங்க... பதில் என்ன தெரியுமா? 'கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்.' எழுதிக்கோ."

நிகோரா எழுதிக்கொண்டாள். எழுதும்போது பேனா ஒரு நொடி நின்றது. இப்படியும் ஒரு நாளா? வெட்கத்தை வைத்து ஒரு பண்டிகையா?

பகலில் நரித்தோல் தொப்பிக்காரி ப்ளினி வாங்க வந்தாள். நிகோரா துணிந்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. ரெண்டு வாரம் உங்கள மனசுக்குள்ள திட்டிட்டிருந்தேன். நீங்க பண்ணாததுக்கு."

"திட்டினியா? எனக்கு ஒண்ணும் ஆகலையே!" அந்த அம்மாள் வியந்தாள். "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன். பத்து ப்ளினி குடு. சூடானதா."

சிரிப்போடு அவளுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு, "அடுத்தவங்க வாங்க!" என்றாள் நிகோரா.

அர்சேனி நின்றிருந்தான்.

முகம் மெலிந்திருந்தது. வரிசையில் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று, தன் முறைக்காகக் காத்திருந்து வந்திருக்கிறான்.

"என்ன வேணும்?"

"வாங்க வரல." தொப்பியைக் கழற்றினான். அத்தனை பேர் முன்னிலையில், அவன் தலை குனிந்தது. "என்னை மன்னிச்சிடுங்க, நிகோரா."

பதில் அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து முப்பது பேருக்குச் சொல்லிவிட்டாள். "கடவுள் மன்னிப்பார்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் வரவில்லை.  "...நான் இன்னும் யோசிக்கணும்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "யோசிக்கட்டும், யோசிக்கட்டும்! ப்ளினி ஆறிப்போகுது!" என்றது ஒரு கிழவர் குரல்.

"மூணு மணிக்கு முடியும்," என்றாள் நிகோரா, தராசைப் பார்த்தபடி.

*

மூன்று மணிக்குப் பின்வாசலில் வெயில் அடித்தது. கூரை ஓரங்களில் தொங்கிய பனி விழுதுகள் உருகி, மழைபோலச் சொட்டின. அவன் அந்தச் சொட்டுகளுக்கு அடியிலேயே நின்றிருந்தான், தோள் நனைய.

"உங்ககிட்ட கோபமே இல்ல அன்னிக்கு," என்றான். "எம்மேலதான். அம்மாவோட பிறந்தநாள் நவம்பர் பதிமூணு. எனக்கு ரெண்டு ஷிப்டு. ஊருக்கெல்லாம் மைக்கில வாழ்த்து சொல்லிட்டிருந்தவன், அவங்களுக்கு ஒரு போன் பண்ணல. நாளைக்குப் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம்னு... பதினஞ்சாம் தேதி ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்கு போன் வந்துடுச்சு."

நிகோரா ஓர் எட்டு அருகே வந்தாள்.

"அப்புறம் நீங்க சிரிச்சுட்டு, உங்க அம்மாவுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கன்னீங்க. நான் சொல்லாதத, யாரோ ஒரு பொண்ணு... தெரியாமலேயே... கேட்டதும் எனக்குத் தாங்கல. யாரையாவது நோகடிக்கணும்போல இருந்தது. போன எடுத்தேன். இத யார்கிட்டயும் சொல்லல. சொல்ல அவ்வளவு அசிங்கமா இருக்கு."

சொட்டு... சொட்டு... அவன் முகத்தில் வழிந்தது பனிநீரா என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் முக்காட்டின் முனையை எடுத்து நீட்டப் போனவள், பாதியில் கையை மடக்கிக்கொண்டாள்.

"அவங்களுக்குக் கேட்டிருக்கும்," என்றாள் மெதுவாக. "நான் சொன்ன வாழ்த்து. நான் சத்தமா வேற சொன்னேன்."

அவன் அழுகையும் சிரிப்புமாக அவளைப் பார்த்தான்.

"பரிதாபம்னு சொன்னீங்க. முதல் நாள் பரிதாபம்தான். ரெண்டாம் நாளும் இருக்கும். அதுக்கப்புறம் கடைசி ஸ்டாப் எப்ப வரும்னு காலையிலேர்ந்தே எண்ண ஆரம்பிச்சேன். அதுக்குப் பேரு பரிதாபம் இல்ல, நிகோரா. எனக்கு உங்கள... ரொம்பப் பிடிச்சிருக்கு."

காது மடல்கள் மறுபடியும் சுட்டன. இப்போது ஓடிவிடத் தோன்றவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் நிகோரா. "மன்னிப்பு நாள்ல பொய் சொல்லக்கூடாதில்ல? உங்க வண்டியில ஏறலையே தவிர, தினமும் ஸ்டாப்புக்கு வந்தேன். பத்திரிகைக் கடைக்குப் பின்னால நின்னு, உங்க வண்டி போறதப் பாத்துட்டுத்தான் அடுத்த வண்டியில ஏறுவேன்."

"தெரியும்."

"என்னது!"

"கண்ணாடியில சிவப்பு முக்காடு தெரியும். அதனாலதான் அந்த ஸ்டாப்ல மட்டும் கொஞ்சம் கூடுதலா நிறுத்துவேன். டிப்போல ரெண்டு தடவ திட்டு வாங்கியாச்சு."

அவள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். ஐயோ, ஐம்பது நாள்! ஒளிந்து நின்றதாக நினைத்துக்கொண்டு...

"நிகோரா... ஒண்ணு கேக்கட்டுமா? இந்த 'நீங்க'வ விட்டுடலாமா? எங்க ஊர்ல மனசுக்கு நெருங்கினவங்கள 'நீ'ன்னுதான் கூப்பிடுவோம்."

"அது முடியாது," என்றாள் அவள், விரல்களுக்கு நடுவிலிருந்து. "எங்க ஊர்ல கட்டின புருஷனையே 'நீங்க'ன்னுதான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டாள். ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல், சுத்தமான ரஷ்ய மொழியில், உரக்க... சொல்லியேவிட்டாள்.

அர்சேனி முகத்தை மூடியிருந்த அவள் கைகளை மெல்ல, ஒவ்வொரு விரலாக விலக்கினான். சாம்பல் நிறக் கண்களில் வெயில் இறங்கியிருந்தது.

"அப்போ," என்றான், "'நீங்க'ன்னே கூப்பிடுங்க."